முதுகெலும்பை ஐயாயிரத்துக்கு எழுதிக் கொடுக்காதீர்கள்!

விபத்தில் கை முறிந்தவரைப் பார்த்தால் ஊரே இரக்கப்படுகிறது. மாவுக்கட்டு கண்ணுக்குத் தெரிகிறது. தலையில் தையல் போட்டவருக்கும் அப்படித்தான். ஆனால் கழுத்திலும் முதுகிலும் அடிபட்டவரின் நிலை என்ன? ரத்தம் இல்லை. கட்டு இல்லை. எக்ஸ்ரே எடுத்தால் எலும்பு முறிவும் இல்லை. 'ஆளு நல்லாத்தானே இருக்கார்' என்கிறது போலீஸ். மோதிய வண்டிக்காரரும் அதையே சொல்கிறார். நாலு வாரம் போனால் வீட்டில் உள்ளவர்களே சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். ருகூவுக்குக் குனிய முடியாமல் பள்ளிவாசலின் கடைசி ஸஃப்பில் நாற்காலி போட்டு உட்காருகிறாரே, அந்த மனிதரிடம் என்ன ஆயிற்று என்று கேட்க ஆளில்லை.

சகோதரர்களே! இப்படி அடிபட்டவர்களுக்குச் சட்டத்தில் நஷ்டஈடு உண்டு. ஆனால் அது கிடைக்காமல் போவதற்கான காரியங்களை விபத்து நடந்த அன்றே நம் கையாலேயே செய்து முடித்துவிடுகிறோம்.

சிக்னலில் நிற்கும் உங்கள் டூவீலரைப் பின்னால் வந்த வேன் இடித்துத் தள்ளுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விழுகிறீர்கள். எழுந்து உடம்பைத் தட்டிக்கொள்கிறீர்கள். முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். கூட்டம் கூடுகிறது. வேன்காரர் கும்பிடுகிறார். 'ஸ்டேஷனுக்குப் போனால் வண்டியை நிறுத்தி வைத்துவிடுவார்கள் பாய், பிழைப்பே அதுதான்' என்கிறார். யாரோ ஒரு பெரியவர் நடுவில் புகுந்து ஐயாயிரம் பேசி முடிக்கிறார். ஒரு தாளில் 'எனக்கு எந்தக் காயமும் இல்லை, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று எழுதி உங்கள் கையெழுத்தையும் வாங்கிவிடுகிறார். மூன்றாம் நாள் ஃபஜ்ருக்கு எழுந்தால் கழுத்து திரும்பவில்லை. ஒரு வாரத்தில் கை மரத்துப் போகிறது. மாதக் கடைசியில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த டாக்டர், ஜவ்வு விலகி நரம்பை அழுத்துகிறது என்கிறார். இப்போது வேன்காரர் எங்கே? நடுவில் புகுந்த பெரியவர் எங்கே? எஞ்சியிருப்பது நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள் மட்டும்தான். அதுவும் உங்களுக்கு எதிரான சாட்சியாக!

இது ஏதோ அபூர்வமாக நடப்பதல்ல. வண்டி மோதும் வேகத்தில் தலை ஒரு பக்கமும் உடல் ஒரு பக்கமும் இழுபடுகிறது. கழுத்தின் தசையும் தசைநாரும் கிழிகின்றன. அந்த நேரப் பதற்றத்தில் வலி தெரிவதில்லை. ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வீக்கம் வரும்போதுதான் தெரிகிறது. எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். ஜவ்வும் நரம்பும் தெரியாது. எனவே 'எக்ஸ்ரே நார்மல்' என்ற ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு காயமே இல்லை என்று முடிவு கட்டுவது தவறு. கை கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் போவதில் சிரமம் வந்தாலோ ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்போது பேச்சு நஷ்டஈட்டைப் பற்றியதல்ல, நடப்பதா படுப்பதா என்பதைப் பற்றியது.

இன்னொன்று. அடிபட்டவரை நாலு பேர் கை கால் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கித் திணிக்கிறோமே, அது உதவியல்ல. முதுகெலும்பில் விரிசல் இருந்தால் அந்த மடக்கலிலேயே நரம்பு போய்விடும். மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். தீயோ வேறு ஆபத்தோ இல்லையென்றால் அசைக்காமல் 108க்கு போன் செய்யுங்கள். தமிழகத்தில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்குப் பணம் கேட்காத ஆஸ்பத்திரிகள் உண்டு. உதவி செய்பவரைச் சாட்சி சொல்ல வா என்று போலீஸ் இழுத்தடிக்கவும் முடியாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டமே அவருக்குப் பாதுகாப்புத் தருகிறது.

மன்னிப்பு யாருடைய உரிமை?

'போகட்டும் பாய், அல்லாஹ்வுக்காக மன்னித்து விடுங்கள்.' ஜமாஅத் ஆபீஸில் வைத்து இப்படிப் பேசி முடிக்கும் பழக்கம் நம் ஊர்களில் பரவலாக இருக்கிறது. இடித்தவரும் நம்மவராக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம்! வழக்குப் போடுகிறேன் என்பவர்தான் ஊரைக் கெடுப்பவர் ஆகிவிடுகிறார்.

முத்தவல்லிமார்களிடம் ஒரு கேள்வி. தவறுதலாக ஒருவர் இறந்துவிட்டால்கூட அவருடைய குடும்பத்தாருக்குத் தியத் கொடுக்க வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் சட்டமாக்குகிறது. அதே வசனம், அந்தக் குடும்பத்தார் தர்மமாக விட்டுக்கொடுத்தாலே தவிர என்று விதிவிலக்கும் தருகிறது. விட்டுக்கொடுக்கும் உரிமை யாருக்கு? பாதிக்கப்பட்டவருக்கு! ஜமாஅத்துக்கு அல்ல, நடுவில் புகுந்த பெரியவருக்கும் அல்ல. தன் உரிமை எவ்வளவு என்று தெரிந்து, தன் காயம் என்ன என்று தெரிந்து, அதன் பிறகு ஒருவர் மனமொப்பி விட்டுக்கொடுத்தால் அது மன்னிப்பு. வலியே இன்னும் தொடங்காத நேரத்தில் நாலு பேர் சூழ்ந்து நின்று வாங்குவதற்கு மன்னிப்பு என்று பெயரா?

காயங்களுக்கு ஈடு கேட்பது ஏதோ வெள்ளைக்காரன் கொண்டுவந்த பழக்கம் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். நபி (ஸல்) அவர்கள் யமன் மக்களுக்காக அம்ரு பின் ஹஸ்ம் (ரலி) அவர்களிடம் கொடுத்தனுப்பிய கடிதத்தை ஃபிக்ஹு அறிஞர்கள் இந்தப் பாடத்தின் அடிப்படையாகவே எடுத்திருக்கிறார்கள். அதில் மூக்கு, நாக்கு, கண், கால் என்று ஒவ்வோர் உறுப்புக்கும் ஈடு வருகிறது. முதுகெலும்புக்கு எவ்வளவு தெரியுமா? முழுத் தியத்! ஓர் உயிருக்கு உள்ள அதே ஈடு. கணக்கு நிர்ணயிக்கப்படாத காயங்களுக்கு 'ஹுகூமத்' என்றொரு வழியை ஷாஃபிஈ, ஹனஃபி நூல்கள் இரண்டும் பேசுகின்றன. விவரம் அறிந்தவர்களின் மதிப்பீட்டைக் கேட்டு நீதிபதி தொகையை முடிவு செய்வதுதான் அது. இன்று மெடிக்கல் போர்டு சதவீதம் சொல்ல, தீர்ப்பாயம் தொகை போடுகிறதே, அதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்?

'இன்சூரன்ஸ் பணம் ஹராம்தானே ஹஜ்ரத்?' என்று சில வாலிபர்கள் கேட்கிறார்கள். மார்க்கப் பேணுதலோடு கேட்பதால் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் எந்த இன்சூரன்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டீர்கள்? ஒப்பந்தம் வண்டிக்காரருக்கும் கம்பெனிக்கும் இடையில். அதுவும் சட்டம் கட்டாயப்படுத்துவதால். நீங்கள் கேட்பது உங்களைக் காயப்படுத்தியவர் உங்களுக்குப் பட்ட கடனை. அதை அவர் சார்பில் யார் கட்டினால் உங்களுக்கென்ன? தவறுதலாக நடந்த கொலைக்கான தியத்தைக் கொன்றவரின் 'ஆகிலா', அதாவது அவரைச் சார்ந்த கூட்டத்தார் ஏற்றுக்கட்ட வேண்டும் என்பதே ஷரீஅத்தின் ஏற்பாடு. வாங்குபவர் கட்டுபவரின் பையைச் சோதிக்க வேண்டியதில்லை.

வேன்காரர் ஏழை என்று இரக்கப்படுபவர்களும் இதைக் கவனியுங்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால் நஷ்டஈட்டைக் கட்டப்போவது கம்பெனி. உங்கள் இரக்கத்தால் லாபம் அடைவதும் அந்தக் கம்பெனிதான்!

முதல் நாளே எழுத்தில் வரவேண்டும்

வெளியே தெரியாத காயத்துக்குக் காகிதம்தான் வாய். ஆஸ்பத்திரிக்குப் போனதும் 'ரோடு விபத்து, இன்ன வண்டி இடித்தது, கழுத்து வலிக்கிறது, முதுகு வலிக்கிறது' என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். 'ஏ.ஆர். காப்பி' என்கிறார்களே, அது இதுதான். சிராய்ப்பை மட்டும் காட்டிவிட்டு வந்து, ஒரு மாதம் கழித்து முதுகு என்றால் எந்த நீதிபதி நம்புவார்? பிறகு வலி வந்தால் அன்றே திரும்பப் போய், விபத்துக்குப் பின் வந்த வலி என்று சீட்டில் எழுதி வாங்குங்கள்.

நம் மக்களோ நேராகப் புத்தூர் கட்டு போடும் இடத்துக்குப் போகிறார்கள். இல்லையென்றால் சுளுக்கு எடுப்பவரிடம் போய்க் கழுத்தைத் திருகிக்கொள்கிறார்கள். ஜவ்வு விலகியவருக்குக் கழுத்தைத் திருகினால் என்ன ஆகும் என்பது ஒரு பக்கம். அங்கே பில்லும் கிடையாது, சீட்டும் கிடையாது. கோர்ட்டின் கண்ணுக்கு அந்த மூன்று மாதமும் நீங்கள் ஆரோக்கியமாக இருந்தீர்கள்!

எஃப்.ஐ.ஆர். போட ஸ்டேஷனில் இழுத்தடித்தால் விடாதீர்கள். 2022 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள விதிகளின்படி, விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் போலீஸ் முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்ப வேண்டும். விரிவான அறிக்கையை 90 நாளில் தாக்கல் செய்ய வேண்டும். இவற்றை ஒழுங்காக நிறைவேற்றும்படி அதே ஆண்டு டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் உத்தரவிட்டது. இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாத ஸ்டேஷன்களும் இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

காயச் சான்றில் 'சாதாரணக் காயம்' என்று எழுதிவிடுகிறார்கள். எலும்பு முறிந்தால்தான் கொடுங்காயம் என்ற எண்ணம் பலருக்கு இருக்கிறது. அது தவறு. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 116-ஆம் பிரிவைப் பாருங்கள். 15 நாட்கள் கடும் வலியில் இருந்தாலோ, 15 நாட்கள் வழக்கமான வேலையைச் செய்ய முடியாமல் போனாலோ அதுவும் கொடுங்காயமே. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 20 நாட்களாக இருந்தது. இந்த ஒரு வார்த்தையில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்காதீர்கள். இடித்துவிட்டு நிற்காமல் போன, அடையாளம் தெரியாத வண்டி என்றால் கொடுங்காயத்துக்கு அரசுத் திட்டத்தில் 50,000 ரூபாய் உண்டு. தெரிந்த வண்டி என்றால், யார் மீது தவறு என்று நிரூபிக்காமலே 164-ஆம் பிரிவில் இரண்டரை லட்சம் கேட்கலாம். இரண்டுமே 'கொடுங்காயம்' என்ற அந்த வார்த்தையைத்தான் பிடித்துத் தொங்குகின்றன.

காலக்கெடுவுக்கு வருகிறேன். 1994-இல் எடுத்துவிட்ட ஆறு மாதக் கெடுவை 2019 திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் அது அமலாகிவிட்டது. கெடு தாண்டியது என்பதற்காக மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது உண்மைதான். இடைக்கால உத்தரவை நம்பியா உட்கார்ந்திருப்பது? ஆறு மாதத்துக்குள் மனுவைப் போடுங்கள். விபத்து நடந்த ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

மூட்டை தூக்குபவரின் முதுகு

இனி தொகை. கடைவீதியில் மூட்டை தூக்கும் ஒரு சகோதரர். வயது 38. மாதம் 15,000 சம்பாதிக்கிறார் என்று வையுங்கள். விபத்தில் இடுப்பு ஜவ்வு போய்விட்டது. மெடிக்கல் போர்டு 20 சதவீத ஊனம் என்கிறது.

வருட வருமானம் 1,80,000. சொந்தத் தொழில் செய்பவர், நாற்பது வயதுக்குக் கீழே இருப்பவர் என்றால் எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் கூட்ட வேண்டும் என்பது 2017 அக்டோபரில் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது. காயமடைந்தவர்களுக்கும் இது பொருந்தும் என்பதை 2020-இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. ஆக 2,52,000. 36 முதல் 40 வயது வரை 15-ஆல் பெருக்க வேண்டும் என்பது 2009 தீர்ப்பின் அட்டவணை. 37,80,000 வருகிறது. அதில் 20 சதவீதம் 7,56,000 ரூபாய். மருத்துவச் செலவு, வலி வேதனை, சத்துணவு, கூட இருந்து பார்த்தவருக்கான செலவு, படுத்திருந்த மாதங்களின் சம்பளம் எல்லாம் இதற்கு மேல். ரோட்டில் பேசி முடித்த ஐயாயிரத்தை இதன் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்!

கதை இதோடு முடியவில்லை. 20 சதவீதம் என்பது டாக்டர் சொன்ன உடல் ஊனம். அவர் இழந்த பிழைப்பும் 20 சதவீதம்தானா? மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கு இடுப்பு வலித்தாலும் சம்பளம் வரும். மூட்டை தூக்குபவருக்கு? 2010 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் விளக்கியது. இடது கையை இழந்தவர் தச்சராகவோ டிரைவராகவோ இருந்தால் பிழைப்பே ஏறக்குறைய முழுவதும் போய்விட்டது. அரசு அலுவலக கிளார்க்காக இருந்தால் வேலை போகாமலும் இருக்கலாம். ஆகவே ஊன சதவீதம் வேறு, பிழைப்பு இழப்பு வேறு. தீர்ப்பாயம் இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும் என்றது. நம் சகோதரர் பாதிப் பிழைப்பை இழந்துவிட்டார் என்று நிரூபித்தால் அந்த 7,56,000, 18,90,000 ஆகிறது. நிரூபிக்க முடியாவிட்டால் சில ஆயிரங்களை வலிக்கு என்று போட்டு அனுப்பிவிடுவார்கள்.

எனவே என்ன வேலை செய்தார் என்பதற்குச் சாட்சி வேண்டும். நம்மில் பெரும்பாலோருக்குச் சம்பளச் சீட்டு ஏது? ஹோட்டல், கசாப்புக் கடை, பழவண்டி, தையல், ஆட்டோ... கடை முதலாளி வந்து கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அன்றாடம் கூலியைக் கையில் கொடுத்த முதலாளி, கோர்ட் என்றதும் 'எனக்கு எதற்கு வம்பு' என்று ஒதுங்குகிறாரே, அவரைத்தான் ஜமாஅத் கூப்பிட்டுப் பேச வேண்டும். பஞ்சாயத்து பேசும் ஆர்வத்தை அங்கே காட்டுங்கள்! சிகிச்சை கொடுத்த டாக்டரும் வந்து சொல்ல வேண்டும். வைத்தியமே பார்க்காத டாக்டர்கள் தயாராக வைத்திருக்கும் சான்றிதழ்களை நம்பக்கூடாது என்று அதே 2010 தீர்ப்பு எச்சரித்திருக்கிறது.

எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டை நீட்டி 'இது விபத்தால் வந்ததல்ல, வயதுத் தேய்மானம்' என்பார். இந்த வழக்குகளில் அவர்களுடைய பெரிய ஆயுதம் இது. நாற்பது தாண்டினால் தேய்மானம் யாருக்குத்தான் இல்லை? விபத்துக்கு முந்தைய நாள் வரை மூட்டை தூக்கிய முதுகு, மறுநாள் முதல் குடம் தூக்க முடியவில்லை என்றால் நடுவில் என்ன நடந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும். பைக்கில் மூன்று பேர் போனார்கள் என்பதும் வாதமாக வரும். மூன்று பேர் போனது சட்ட மீறல்தான். அந்த மீறலே விபத்துக்கோ காயத்துக்கோ காரணம் என்று காட்டாதவரை அதற்காகத் தொகையைக் குறைக்க முடியாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இதைப் படித்துவிட்டு மூன்று பேராகப் போகாதீர்கள்!

ஆஸ்பத்திரி வாசலிலேயே புரோக்கர் வந்து நிற்பார். 'செலவு எங்களுடையது, வருவதில் பாதி' என்பார். வரும் தொகையில் பங்கு பேசுவது வழக்கறிஞருக்கு பார் கவுன்சில் விதிப்படியே கூடாது. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பெண்கள், ஊனமுற்றோர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. அதன் அலுவலகம் கோர்ட்டிலேயே இருக்கிறது. நஷ்டஈட்டுத் தொகையைப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்கிலேயே நேராகச் செலுத்தும் வழியை 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் வகுத்துக் கொடுத்திருக்கிறது. உங்கள் கணக்கு, உங்கள் பாஸ்புக். அதை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

கழுத்துப்பட்டை வியாபாரம்

கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். வலியே இல்லாமல் கோர்ட்டுக்கு வரும்போது மட்டும் கழுத்தில் பட்டை மாட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். தானாகச் சறுக்கி விழுந்துவிட்டு, இன்சூரன்ஸ் உள்ள ஒரு வண்டியைத் தேடிப்பிடித்து அது இடித்ததாக எழுதுகிறார்கள். லைசென்ஸ் இல்லாத தம்பி ஓட்டியதை, லைசென்ஸ் உள்ள அண்ணன் ஓட்டியதாக மாற்றுகிறார்கள். 'கம்பெனிப் பணம்தானே' என்று இதற்கு நியாயமும் பேசுகிறார்கள். பொய்ச் சாட்சி பெரும்பாவங்களில் ஒன்று என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, திங்கட்கிழமை கூண்டில் ஏறிப் பொய் சொல்வதா? இந்தப் பணம் சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஹராம். உண்மையாகவே ஜவ்வு போன ஏழை வந்து நிற்கும்போது 'இவனும் நடிக்கிறான்' என்று கோர்ட் சந்தேகப்படுவது இவர்களால்தான். அவன் வாய்ச்சோற்றையும் சேர்த்தே தின்கிறார்கள்.

எல்லா விபத்துக்கும் இந்தக் கதவு திறக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீங்களே ஓட்டி நீங்களே விழுந்தால் மூன்றாம் நபர் இன்சூரன்ஸில் ஒன்றும் கிடைக்காது. நண்பர் பைக்கின் பின்னால் உட்கார்ந்து போய் அவர் தவறால் விழுந்தாலும், வண்டிக்கு வெறும் 'தேர்ட் பார்ட்டி' பாலிசி மட்டும் இருந்தால் கம்பெனி கை விரிக்கும். லோடு வேன் விஷயம் இதைவிட மோசம். நிக்காஹ்வுக்கும் மாநாட்டுக்கும் லோடு வேனில் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு போகிறோமே, சரக்கு வண்டியில் சரக்குக்குத் தொடர்பில்லாமல் பயணிகளாக ஏறியவர்களுக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்பது 2002-இலேயே உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த விஷயம். வண்டி கவிழ்ந்தால் வேன்காரரின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியதுதான். அவரிடம் என்ன இருக்கும்? நம் கிளைகள் ஏற்பாடு செய்யும் நிகழ்ச்சிகளுக்கு இனி பயணிகள் பெர்மிட் உள்ள வண்டியைத் தவிர வேறு எதையும் பேசாதீர்கள். வாடகை கூடத்தான் செய்யும்.

வட்டியைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேள்வி வருகிறது. தீர்ப்பாயம் நஷ்டஈட்டோடு, மனுப் போட்ட நாளிலிருந்து வட்டியும் சேர்த்துத் தருகிறது. அதற்கு அஞ்சி வழக்கே வேண்டாம் என்று ஒதுங்குகிறார்கள் சிலர். அசல் நஷ்டஈடு உங்கள் உரிமை. அதில் சந்தேகம் இல்லை. வட்டி என்று தனியாகக் காட்டியிருக்கும் தொகையைக் கம்பெனிக்கே விட்டுவிடாமல் வாங்கி, நன்மையை எதிர்பார்க்காமல் ஏழைகளுக்குக் கொடுத்துவிடலாம் என்று உலமாக்கள் பலர் ஃபத்வா தந்திருக்கிறார்கள். தீர்ப்பின் நகலில் அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தனித்தனியே போட்டிருப்பார்கள். நகலை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஆலிமிடம் போங்கள்.